மைக் பிடிக்க எவ்வளவு ஆகும்?

விந்தியக் காட்டில் திசை தெரியாமல் நின்ற இராமானுசரை ஒரு வேடனும் வேடுவச்சியும் வழிகாட்டி அழைத்துவந்தார்கள். விடிந்ததும் தண்ணீர் கேட்டார்கள். அவர் கிணற்றில் மொண்டு வருவதற்குள் மறைந்துபோனார்கள். வந்தது பேரருளாளனும் பெருந்தேவித் தாயாரும்தான் என்பது காஞ்சிபுரத்தின் நம்பிக்கை. அந்தச் சாலைக் கிணறு செவிலிமேட்டுப் பக்கம் இன்றும் இருக்கிறது. வழிகாட்டும் வேலையைத்தான் வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் செல்போனில் அழைக்கிறார்கள். அட்மிஷன் கன்சல்டன்ட் என்று பெயர். இவர்கள் கேட்பது தண்ணீர் அல்ல, அட்வான்ஸ். வாங்கியதும் மறைந்துபோவதில் மட்டும் பழைய மரபைக் காப்பாற்றுகிறார்கள்.

செவிலிமேட்டில் தறி நெய்யும் ஒருவரின் மகள், அரசுப் பள்ளியில் படித்தவள், நிருபர் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சு இப்படித்தான் போகும்.

“பாப்பாவுக்கு எதுலண்ணே இஷ்டம்?”

“டிவியில மைக் புடிச்சிப் பேசறாங்களே சார், அதுக்குப் படிக்கணும்னு சொல்லுது.”

“விஸ்காம்! சூப்பர் கோர்ஸ்ணே. சீட் போயிட்டே இருக்கு. இன்னிக்கே ஒரு அமௌன்ட் போட்டுட்டா பிளாக் பண்ணிடலாம்.”

“மொத்தமா எவ்ளோ சார் ஆகும்?”

“ஃபீஸைப் பத்தி நீங்க கவலையே படாதீங்கண்ணே. லோன் போட்டுக்கலாம்.”

பெரிய மனது. கவலையை மாதத் தவணையாகப் பிரித்துக் கொடுத்துவிடுகிறார். நெடுஞ்சாலையோரத் தனியார் பல்கலைக்கழகங்களில் இந்தப் படிப்புக்கு ஆண்டுக் கட்டணம் லட்சத்தைத் தொடுவதும் தாண்டுவதும் சாதாரணம். பஸ், ஹாஸ்டல், லேப் எல்லாம் தனிக் கணக்கு. கேமராவை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டூடியோ உண்டு, கண்ணாடிச் சுவரோடு. பெற்றோர் வரும் அட்மிஷன் மாதத்தில் விளக்கெல்லாம் எரியும். பிறகு சாவி எங்கே இருக்கிறது என்பதே மூன்றாண்டுக்கான புலனாய்வு இதழியல் பயிற்சி.

காஞ்சிபுரத்தில் ஒரு சேலை வாங்க வருகிறவர் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று கேட்கிறார். சில்க் மார்க் இருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. அதே ஊர்க்காரர் பல சேலைகளின் கூலியைக் கொட்டி ஒரு பட்டம் வாங்கும்போது அதில் அசல் எவ்வளவு என்று உரசிப் பார்க்க ஒரு கல் கிடையாது.

‘அரசுக் கல்லூரி இருக்கிறதே’ என்பீர்கள். இருக்கிறது. அங்கே கல்விக் கட்டணமும் இல்லை. தமிழ் கிடைக்கும், வணிகவியல் கிடைக்கும், கணிதம் கிடைக்கும். இதழியலைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். அரசு உதவி பெறும் கல்லூரிகளிலோ விஸ்காமும் இதழியலும் பெரும்பாலும் செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் இருக்கும். கட்டடம் அதே, மரத்தடி அதே, கேன்டீன் டீயும் அதே. கட்டணம் மட்டும் வேறு.

முதல் பட்டதாரிச் சலுகை கேட்கலாமே? கேட்கலாம், இன்ஜினீயரிங் போன்ற தொழிற்கல்வியில் சேர்ந்தால். அந்த வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் பெண் பாலம் கட்டப் படித்தால் அரசு கைகொடுக்கும். கட்டிய பாலம் ஏன் விரிசல் விட்டது என்று கேட்கப் படித்தால் கொடுக்காது. அரசுக்கு விவரம் தெரியாது என்று இனி யாராவது சொல்லிப் பாருங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆண்டுக்கு 12,000. நல்ல திட்டம்; வயிறெரிந்து பேசக்கூடாது. அந்தப் பணம் அப்படியே கல்லூரிப் பஸ் கட்டணத்துக்குப் போய்விடும். கையில் வந்ததை வழியில் பிடுங்கிக்கொள்ள அனுமதி பெற்ற நிறுவனங்கள் எத்தனை இருக்கின்றன!

சரி, ஒன்றிய அரசைப் பார்ப்போம். இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் 1965-ல் தில்லியில் தொடங்கப்பட்டது. பிறகு டெங்கனால், ஐஸ்வால், அமராவதி, ஜம்மு, கோட்டயம் என்று கிளை விட்டது. இந்தி, உருது, ஒடியா, மராத்தி, மலையாளத்தில் இதழியல் கற்பிக்கிறது. கோட்டயம் வரை வந்த வண்டி மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கவில்லை. தமிழ்நாட்டில் வளாகமும் இல்லை, தமிழில் படிப்பும் இல்லை. 2004-ல் தமிழைச் செம்மொழி என்று அறிவித்தார்கள் அல்லவா? செம்மொழியில் கல்வெட்டு படிக்கலாம். செய்தி எழுதுவது மரியாதைக் குறைவு என்று நினைத்திருப்பார்கள்.

கட்டுப்படியாகும் இடமே இல்லையா என்றால், சென்னைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1947-லிருந்து இதழியல் கற்பித்து வரும் இடம். அதன் வங்கிக் கணக்குகளை 2024-ல் வருமான வரித் துறை முடக்கியது. பேராசிரியர்கள் சம்பளத்துக்கும் ஓய்வு பெற்றவர்கள் பென்ஷனுக்கும் தவித்தார்கள். ஏழைப் பிள்ளைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதைப் பட்டினி போடுவது, எட்டாத தூரத்தில் இருப்பதற்கு அனுமதிமேல் அனுமதி தருவது: இதற்குப் பெயர்தான் உயர்கல்விக் கொள்கை.

2025 ஆகஸ்டில் கோட்டூர்புரத்தில் சென்னை இதழியல் நிறுவனத்தை முதலமைச்சர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அரசே நடத்துவது, வரவேற்கவேண்டியதுதான். ஆனால் அது ஓராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்பு. உள்ளே நுழைய முதலில் ஒரு பட்டம் வேண்டும். மாடியில் விருந்து வைத்திருக்கிறார்கள்; படிக்கட்டு மட்டும் தனியாருக்குக் குத்தகை. செவிலிமேட்டிலிருந்து கோட்டூர்புரம் எழுபது கிலோமீட்டருக்கு மேல் என்பதெல்லாம் சின்ன விஷயம். சேதி சேகரிக்கப் போகிறவள் கொஞ்சம் அலையட்டுமே.

இத்தனைக்கும் இது பத்திரிகை வாசனை அறியாத ஊரா? 1909-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து, இதே ஊர் நகராட்சியில் எழுத்தராக இருந்து, பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. வரை படித்த ஒருவர், 1942-ல் இங்கிருந்தே ‘திராவிட நாடு’ வார இதழைத் தொடங்கினார். 1957-ல் ஆங்கிலத்தில் ‘ஹோம்லேண்ட்’ நடத்தினார். பத்திரிகை நடத்தித்தான் கட்சி வளர்த்தார். கட்சி வளர்த்துத்தான் கோட்டைக்குப் போனார். அண்ணா பெயரில் பல்கலைக்கழகம் இருக்கிறது, நூலகம் இருக்கிறது, சாலை இருக்கிறது, இரண்டு கட்சிகளின் வாக்கும் இருக்கிறது. அவர் செய்த தொழிலைக் கற்றுக்கொள்ள மட்டும் அவர் ஊர் நெசவாளி வீட்டுப் பெண் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடவேண்டும். அண்ணாவே இன்று வந்து நின்றால் நம் கன்சல்டன்ட் மேலும் கீழும் பார்த்திருப்பார்: “உயரம் பத்தாது தம்பி, குரலும் கரகரன்னு இருக்கு. ஆங்கரிங் ஒத்துவராது. மேனேஜ்மென்ட் கோட்டாவுல வேணா பார்க்கலாம்.”

கடன் வாங்கிப் பட்டமும் வாங்கிவிட்டாள். பிறகு? தாலுகா நிருபர் வேலை. அடையாள அட்டை கொடுப்பார்கள். சம்பளம் கேட்டால் சிரிப்பார்கள். தீபாவளி மலருக்கு ஜவுளிக்கடை விளம்பரம் பிடித்துக் கொடு, கமிஷன் எடுத்துக்கொள் என்பார்கள். அதாவது, நெசவாளியின் கூலியைப் பற்றி எழுதவேண்டியவள், கூலியைக் குறைக்கும் கடைக்காரர் முன்னால் ரசீதுப் புத்தகத்தோடு நிற்கவேண்டும். எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! தணிக்கை அதிகாரிக்குச் சம்பளமே தரவேண்டாம்.

பத்திரிகை ஊழியர்களுக்கான மஜிதியா ஊதியக் குழுவின் பரிந்துரையை 2011-ல் அரசு அறிவித்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. அறிவிப்பு வந்தது, தீர்ப்பு வந்தது. பலருக்குச் சம்பளம்தான் வரவில்லை. அந்தக் குழுவுக்கே ஆதாரமாக இருந்த 1955-ஆம் ஆண்டு உழைக்கும் பத்திரிகையாளர் சட்டத்தையும் 2020-ல் நிறைவேற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைத்துவிட்டார்கள். ஊரார் உரிமைக்கெல்லாம் தலையங்கம் எழுதும் முதலாளிகள் இதற்கு ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தால் அதிகம்.

பட்டமே வேண்டாம் என்றால் அதற்கும் வழி உண்டு. அச்சிட்ட அட்டை ஒன்று, வண்டியில் ‘பிரஸ்’ என்று ஒரு ஸ்டிக்கர். போலிப் பத்திரிகையாளர்களைக் களையெடுக்கப் பத்திரிகைக் கவுன்சில் அமைக்கும்படி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிடும் அளவுக்கு அந்தத் தொழில் செழித்தது. அசலுக்கு லட்சக்கணக்கில் கட்டணம், போலிக்கு ஸ்டிக்கர் விலை. இந்தச் சந்தையில் எது பெருகும் என்று சொல்லப் பொருளாதாரம் படிக்கவேண்டியதில்லை.

இதெல்லாம் தற்செயல் என்று நான் நம்பவில்லை. யார் எழுதக்கூடாது என்பதை ஆள் வைத்துத் தடுக்கவேண்டாம்; ஒரு கட்டண அட்டவணை போதும். அதனால்தான் காஞ்சிபுரத்தைப் பற்றிய செய்தி என்றால் முகூர்த்த நாளில் கடைகளில் கூட்டம், மணப்பெண்ணின் கூரைப்புடவை, தங்கம் விலை ஏறியதால் பட்டு விலை ஏறியது என்பதோடு முடிகிறது. சேலை விலையில் ஏறியது கூலியில் ஏறியதா என்று கேட்க, பாவு எது ஊடை எது என்று தெரிந்த ஒருத்தி அங்கே இல்லை. மழை கொட்டி, தறிக்குழியில் தண்ணீர் ஊறி, நெசவு நின்றுபோனால் மட்டும் அதே வாசலுக்குக் கேமரா வரும். அப்போது மார்க் ஷீட் கேட்கமாட்டார்கள், முன்பணம் கேட்கமாட்டார்கள். மைக்குக்கு முன்னால் நின்று அழ நமக்கு எப்போதும் இலவச அனுமதி. அதைக் கையில் பிடிக்கத்தான் லட்சங்கள்.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டத்துக்கு ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் தமிழ்வழி இதழியல் இளங்கலை. முதல் பட்டதாரிச் சலுகை எல்லாப் பட்டத்துக்கும். தாலுகா நிருபருக்குச் சட்டப்படி சம்பளம். கேட்டால் நிதி நெருக்கடி என்பார்கள். அந்த நெருக்கடியையும் நாளைக் காலை எல்லா நாளிதழ்களிலும் முதல் பக்கம் முழுக்க வண்ண விளம்பரமாகக் கொடுத்துத்தான் நமக்கு விளக்குவார்கள்.