ஹெட்போன் அணிகலனே: ஒரு நிறுவல்

ஹெட்போன் எந்தத் துறையைச் சார்ந்தது என்ற வினா இதுகாறும் முறைப்படி எழுப்பப்படவில்லை. கடைக்காரர் அதை எலக்ட்ரானிக்ஸ் அலமாரியில் வைத்தார். பொறியாளர் ஒலியியலில் சேர்த்தார். வீட்டுப் பெரியவர்களோ "கூப்பிட்டா காதுல விழாத சனியன்" என்ற தனிப் பிரிவில் அடக்கினார்கள். மூன்றும் பிழை. ஹெட்போன் அணிகலன் வகையைச் சேர்ந்தது. ஆகவே அதைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அணிகலனைத் தேர்ந்தெடுக்கும் முறையே என்பது இவ்வாய்வின் துணிபு.

அளவை நூலார் விரும்பும் ஒழுங்கில் சொல்வதானால், பக்கம்: ஹெட்போன் ஓர் அணிகலன். ஏது: உடம்பின்மேல் தரிக்கப்படுவதாலும், வேலையில்லாத பொழுதும் கழற்றப்படாமையாலும். திட்டாந்தம்: நெக்பேண்ட். காலையில் கழுத்தில் ஏறும் நெக்பேண்ட் இரவு சாப்பாட்டுக்குத்தான் இறங்குகிறது. அதன் இரு முனைகளும் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு மார்பில் பதக்கம்போல் தொங்குகின்றன. பாட்டு கேட்பது ஒரு மணி நேரம், பூண்டிருப்பது நாள் முழுவதும். இதை இன்னமும் ஒலிக்கருவி என்று வாதிடுவோருக்கு ஒன்று சொல்வோம்: நாதஸ்வரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு யாரும் காய்கறி வாங்கப் போவதில்லை.

வரலாறும் நம் பக்கமே. 1910இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டு அடுக்களையில் ஹெட்போன் செய்து கடற்படைக்கு விற்றார். கடற்படை கேட்ட எண்ணிக்கையை மொத்தமாகச் செய்து தர அவரால் இயலவில்லை; அடுக்களையில் இடம் அவ்வளவுதான். வீட்டிலேயே பட்டறை, சொன்ன தேதிக்குச் சரக்கு வராது: நகை ஆசாரியோடு பழகியவர்களுக்கு இது புதிதன்று. 1958இல் மில்வாக்கி நகரத்து ஜான் காஸ் ஸ்டீரியோ ஹெட்போனை அறிமுகப்படுத்தும்வரை, இதைத் தலையில் மாட்டியவர்களில் பலர் டெலிபோன் ஆபரேட்டர்கள், வானொலிக்காரர்கள், படைவீரர்கள் போன்றோரே, அதாவது சம்பளத்துக்காக மாட்டியவர்கள். ஸ்டீரியோ இசை இன்பத்துக்காக மாட்டும் வழக்கம் அவருக்குப் பின்னரே பரவியது. 1968இல் வந்த ஜென்ஹைசர் ஹெச்டி 414க்கு மஞ்சள் நிறத்தில் பஞ்சு வைத்தார்கள். கருவிக்கு மஞ்சள் எதற்கு? 2001இல் ஐபாடுடன் வந்த இயர்போனின் கம்பி வெள்ளையாக இருந்தது. பைக்குள் இருக்கும் ஐபாட் யார் கண்ணுக்கும் தெரியாது, வெள்ளைக் கம்பி தெரியும். பிறர் கண்ணில் படுவதற்காகப் பூணப்படுவதை நிகண்டில் எந்தப் பகுதியில் தேடுவது என்று வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

இந்த வரலாற்றில் 1979ஆம் ஆண்டின் சோனி வாக்மேனைத் தனியே குறிக்க வேண்டும். அதில் இரண்டு பேர் சேர்ந்து கேட்கும்படி இரண்டு துளைகள் இருந்தன. பிற்காலத்தார் அந்த வசதியை விட்டுவிட்டதால், பேருந்தில் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிரும் வழக்கம் தோன்றியது. பழைய மோனோ பாட்டென்றால் இதனால் இழப்பில்லை, இரு பக்கமும் ஒன்றேதான் ஒலிக்கும். ஸ்டீரியோ பாட்டென்றால் ஒருவருக்கு வயலினும் மற்றவருக்குக் கிட்டாருமாகப் பாகப்பிரிவினை ஆகிவிடும். பகிர்ந்துகொள்ளும் இருவருக்கும் அந்த நேரத்தில் இது பொருட்டில்லை என்பதும் உண்மை.

அற்றேல், அணிகலன் ஒலிக்குமோ எனின், ஒலிக்கும். சிலம்பு ஒலித்தது. அதன் உள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்று பாராமல், வெளித்தோற்றத்தை நம்பித் தண்டனை சொன்ன பாண்டியனுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தமிழர்க்கு விளக்க வேண்டியதில்லை. ஹெட்போன் வாங்குவோரில் பெரும்பாலோர் இன்றும் பாண்டியன் நிலையில்தான் இருக்கிறார்கள். அட்டைப்பெட்டியைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறார்கள்.

அட்டைப்பெட்டியே பிரமாணம் என்னும் கொள்கையை நாம் மைத்துனர் மதம் என்போம். ஒவ்வொரு குடும்பத்திலும் இதற்கென்றே ஒரு மைத்துனர் உண்டு. இம்மதத்தார் முதலில் ஓதுவது, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்பது. 300 ரூபாய்ப் பெட்டியிலும் அதுதான் அச்சிட்டிருக்கிறது. அந்த எல்லைக்குள் எது ஓங்கும், எது அமுங்கும் என்பதல்லவா செய்தி? அதைப் பெட்டி சொல்லாது. மேலும் மைத்துனருக்கு ஐம்பது வயது. அந்த வயதில் 15,000 ஹெர்ட்ஸுக்கு மேலே பெரும்பாலான காதுகளுக்கு ஒன்றும் கேட்பதில்லை. மிச்சமுள்ள 5,000 ஹெர்ட்ஸை அவர் வீட்டு நாய்க்காக வாங்குகிறார் என்று கொள்க. அடுத்து, உள்ளே ஒலி எழுப்பும் டிரைவர் 40 மில்லிமீட்டர் என்பர். அது வட்டத்தின் அகலம், தரத்தின் அளவன்று. மூன்றாவதாக அவர்கள் சொல்லும் ஓம் கணக்கு மட்டும் ஏற்புடைத்து. 16 அல்லது 32 ஓம் உள்ளதைப் போனில் நேரே செருகிக் கேட்கலாம். ஸ்டுடியோக்காரர்களுக்கான 250, 300 ஓம் வகையைப் போனில் செருகினால், பக்கத்து வீட்டு ரேடியோ கேட்கிற அளவுக்குத்தான் கேட்கும்.

விலையே பிரமாணம் என்பது இன்னொரு மதம். 2017இல் ஜெரோன் ப்ரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அதிர்வெண் அளவீடுகளை எடுத்து, விலையோடு ஒப்பிட்டார். இரண்டுக்கும் தொடர்பு தென்படவில்லை. இந்த மதத்துக்கு இதற்குமேல் மறுப்பு வேண்டாம்.

இனி நம் சித்தாந்தம். அணிகலனைப் பற்றிக் கேட்கும் முதற்கேள்வி, பூண்டால் உறுத்துமா என்பது. தென்மாவட்டத்துப் பாட்டிமார் பாம்படத்தையும் தண்டட்டியையும் காலமெல்லாம் பூண்டார்கள். கனம் இல்லாமலா? காது தோளைத் தொடும் அளவுக்குக் கனம். ஆனால் அந்தக் கனம் தொங்கியதே தவிர, அழுத்தவில்லை. ஹெட்போனின் கதை வேறு. காதைச் சுற்றி அமரும் வகை 200 முதல் 400 கிராம் வரை இருக்கும். அத்தனையும் உச்சந்தலையில் ஒரு பட்டைமேல் உட்காரும். அதோடு இரு கன்னப்பொறிகளையும் கவ்விப் பிடிக்கும். கனத்தைவிடக் கொடியது இந்தக் கவ்வல்தான். கவ்வல் தளர்ந்தால் காதுக்கும் குஷனுக்கும் இடையே சந்து விழுந்து, அடித்தள ஒலி எல்லாம் அந்த வழியே ஓடிவிடும். இறுகினால் முக்கால் மணி நேரத்தில் தாடை வலிக்கும். நடுவில் இருக்கும் அந்தச் சரியான பிடி ஆளுக்கு ஆள், தலைக்குத் தலை மாறும். இதை எந்தப் பெட்டியிலும் எவரும் அச்சிட்டதில்லை.

கண்ணாடி போட்டவர்களுக்கும் தோடு போட்டவர்களுக்கும் இது இரட்டைச் சோதனை. கண்ணாடிக் காம்பு குஷனுக்கு அடியில் புகுந்து சந்து உண்டாக்குவதோடு, எலும்பில் பதிந்து வலிக்கவும் செய்யும். காதின்மேலேயே உட்காரும் சிறிய வகையோ, தோட்டின் திருகாணியைக் காதுக்குப் பின்னால் அழுத்திக் குத்தும். அணிகலன்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்ற பழைய விதியை ஹெட்போன் செய்யும் நிறுவனத்தார் அறிந்திருந்தால், ஜிமிக்கியும் கண்ணாடியும் சேர்ந்த ஒரு தலைமேல் சோதித்துப் பார்த்தல்லவா சந்தைக்கு அனுப்பியிருப்பார்கள்?

வெக்கையையும் சேர்த்துக் கணக்கிடுக. குளிர்நாட்டில் வடிவமைத்த ரெக்சின் குஷன் மே மாதத்துச் சென்னையில் காதுக்கு நீராவிக் குளியல். ஈரக்காற்றும் வியர்வையும் தலைக்கு வைத்த எண்ணெயும் சேர்ந்தால் அந்த ரெக்சினின் மேற்பூச்சு சிதைந்து, இரண்டொரு வருஷத்தில் கறுப்புச் செதில்களாக உரிந்து காதோரத்தில் ஒட்டிக்கொள்ளும். துணி குஷன் காற்றோட்டமானது, ஆனால் வெளிச்சத்தத்தைச் சற்றே உள்ளே விடும். எதுவாயினும் கழற்றி மாற்றக்கூடிய குஷனும், கழற்றி மாற்றக்கூடிய கம்பியும் உள்ளதை வாங்குவதே அறிவுடைமை. கம்பி எப்போதும் பின்னுக்குப் பக்கத்தில்தான் அறும். ஏனோ அங்கேதான் நிறுவனத்தார் சிக்கனம் பிடிக்கிறார்கள்.

குஷனின் உட்குழியில் காது முழுதும் அடங்க வேண்டும். இங்கே ஓர் அரிய சான்று கிடைத்திருக்கிறது. 1995இல் ஜேம்ஸ் ஹீத்கோட் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 206 பேரின் காதுகளை அளந்தது பற்றி எழுதினார். வயது ஏற ஏறக் காதும் நீள்கிறது, ஆண்டுக்கு 0.22 மில்லிமீட்டர் வீதம். முப்பது வயதில் அளவெடுத்து வாங்குபவரின் காது அறுபதில் 6.6 மில்லிமீட்டர் நீண்டிருக்கும். ஆகவே பள்ளிச் சீருடை எடுக்கும் அம்மாக்களைப்போல, "வளர்ற காது, கொஞ்சம் பெருசாவே குடுங்க" என்று கேட்டு வாங்குவதே முறை. ஹெட்போன் அதுவரை உயிரோடிருக்குமா என்ற கேள்வி ஆய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

செவித்துளைக்குள்ளே புகும் இயர்பட்ஸுக்கு அளவு இன்னும் முக்கியம். பெட்டியில் மூன்று அளவு ரப்பர் முனைகள் வைத்திருப்பார்கள். மாட்டி வந்த நடு அளவிலேயே வாழ்ந்து, மற்ற இரண்டையும் பெட்டியோடு பரணில் போடுவது நம் வழக்கம். "இதுல பேஸே இல்ல" என்ற புகார்களில் பல, முனை சரியாக அடைக்காததால் வருபவை. இடச்செவிக்கும் வலச்செவிக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவதும் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சரியாக அடைத்ததா என்று அறிய முறுக்கு தின்க. அடைத்திருந்தால் தாடையின் ஓசை வெளியேற வழியின்றி உள்ளேயே சுழன்று, பல்லாவரத்துக் கல்குவாரி கேட்கும்.

உறுத்தாமை நிலைபெற்றபின் ஒலியை ஆராய்க. மிருதங்கம் ஒன்றே போதுமான உரைகல். இடப்பக்கத் தொப்பியில் வித்துவான் ரவை பூசிச் சேர்த்த கும்கி தனியே உருண்டு எழ வேண்டும், வலந்தலையின் 'நம்' அதில் மூழ்காமல் மணிபோல் நிற்க வேண்டும். இக்காலத்து மலிவு வகைகள் பேஸை மிகையாக ஊதிவிடுவதால், அவற்றில் தொப்பி மட்டும் கச்சேரி செய்யும். இளையராஜாவின் பேஸ் கிட்டார் எங்கெங்கே நடக்கிறது என்று கூர்ந்து கேட்பதும் நல்ல சோதனை. அது ஒரு மெட்டாகக் கேட்டால் ஹெட்போன் நன்று, வெறும் அதிர்வாகக் கேட்டால் கடைக்காரரிடமே கொடுத்துவிடுக. மேல்ஸ்தாயியைச் சோதிக்க, 'ஸ' நிறைய வரும் பாட்டொன்றைப் போடுக. ஒவ்வொரு 'ஸ'வும் தாளிப்புச் சத்தமாகக் காதைச் சுட்டால் ஒரு மணி நேரம் தாங்காது. நூறு மணி நேரம் ஓடவிட்டால் சரியாகும் என்பார்கள். பழகிப்போவது பெரும்பாலும் நம் காதே.

இரைச்சல் நீக்கம் பற்றி ஒரு சொல். 1978இல் விமானத்தில் வந்த அமர் போஸ் என்ற பொறியாளர், அங்கே கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சலைத் தவிர வேறொன்றும் சுகமாகக் கேட்காததால், அங்கேயே கணக்குப் போடத் தொடங்கினார். விமானிகளுக்கான அவரது கருவி விற்பனைக்கு வர 1989 ஆயிற்று. இந்த நுட்பம் சீரான தாழ்ந்த ஓசையை, அதாவது எஞ்சினையும் ஏசியையும் மின்விசிறியையும், நன்றாகவே விழுங்கும். திடீரென்று வரும் கூர்மையான ஓசையிடம் தோற்கும். ஆகவே நடத்துநர் விசிலும் ஆட்டோ ஹாரனும் குக்கர் சத்தமும் அப்படியே உள்ளே வரும். இது குறையா, குடும்ப அமைதிக்கான காப்பா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஒன்று உறுதி: வெளிச்சத்தம் அடங்கினால் ஒலியைக் கூட்ட வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 ஆனால் 4 மணி நேரம்தான். பத்து டெசிபலுக்கு முப்பத்தாறு மணி நேரம் அபராதம்.

எனவே கடையில் செய்ய வேண்டியது இது. சென்னை ரிச்சி தெருவோ வேறு தெருவோ, உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்க. "பாட்டு போடவா சார்?" என்பார் கடைக்காரர். வேண்டாம் என்க. அரை மணி நேரம் சும்மா இருக்க. பாட்டு ஓடினால் பாட்டின் மயக்கத்தில் வலி தெரியாது. கல்யாணப் பெண்ணுக்கு ஒட்டியாணம் வலிக்காதது அதனால்தான். கடைக்காரர் முதலில் டீ சொல்வார், பிறகு முதலாளியைக் கூப்பிடுவார். இரண்டையும் பொருட்படுத்தற்க. ஆன்லைனில் வாங்குவோர் திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் இதையே வீட்டில் செய்க. வீட்டாரும் யாரையாவது கூப்பிடக்கூடும்.

இறுதியாகப் பூர்வபட்சி எழுப்பும் தடை ஒன்றுண்டு. ஹெட்போன் அணிகலன் என்றால் அவசரத்துக்கு அடகு வைக்க வேண்டுமே, எந்த சேட்டு வாங்குவார் என்பான். வாங்க மாட்டார். ஆனால் அதனால் அது அணிகலன் அல்ல என்று ஆகிவிடாது. கவரிங் வளையலையும்தான் அவர் வாங்குவதில்லை, அதுவும் இரண்டொரு வருஷத்தில் உரிகிறது.