பதினொரு சாம்பல், இரண்டு கருத்து

சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குத் தாமிரம் என்று வானத்துக்கே வண்ணம் பூசும் சிவகாசிப் பக்கத்தில், ஆனைக்குட்டம் அணையைக் கறுப்பு வெள்ளையில் எடுக்கத் துணிச்சல் வேண்டும். எடுத்ததைப் புகைப்படக் குழுவில் காட்ட அதைவிட அதிகம் வேண்டும். 1857-இல் தொடங்கிய சென்னைப் புகைப்படச் சங்கத்தில் அன்று ‘கலர்ல எடுத்திருக்கலாமே’ என்று எவரும் கேட்டிருக்க முடியாது. காலண்டர் அச்சடிக்கும் ஊரில் அதுதான் முதல் கேள்வி.

கறுப்பிலிருந்து வெள்ளை வரை 11 படிகள் என்று புகைப்படக் கலைஞர்கள் ஆன்சல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்தார்கள். விமர்சகரிடம் இருப்பதோ இரண்டு: ‘சூப்பர்ணே’, ‘கான்ட்ராஸ்ட் பத்தல தம்பி’. முன்னது மூத்தவருக்கு, பின்னது இளையவருக்கு. படத்தைப் பார்க்காமலே சொல்லலாம் என்பது கூடுதல் வசதி.

‘கரை நிழலில் விவரமே இல்லை, எக்ஸ்போஷரைக் கூட்டியிருக்கலாம்’ என்று யாராவது உருப்படியாகச் சொல்லிவிட்டால் போச்சு.

“அது கலைண்ணே!”