மெனுவில் ஓர் இமயம்

இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட்டில் பிரிட்டிஷ் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற நேபாளக் கூர்க்கா வீரர்களின் குடும்பங்கள் ஏராளம். 1997க்கு முன் ஓய்வுபெற்றவர்களும் பிரிட்டனில் குடியேறலாம் என்ற உரிமை, நடிகை ஜோனா லம்லி வரிந்துகட்டி இறங்கிய பிறகு 2009இல் கிடைத்தது. உணவக மெனுவில் நேபாளத்துக்கு இடம் பிடிப்பது அதைவிடக் கடினம் போலிருக்கிறது.

‘இந்திய-நேபாள உணவகம்’ என்ற பெயர்ப்பலகையில் இரு நாடுகளும் சரிசமம். உள்ளே கோர்மா, விண்டலூ, பால்டி என்று பக்கம் பக்கமாக இந்தியா; கடைசியில் மோமோ, சோய்லா, தால் பாத் என்று ஓரமாக நேபாளம். அந்தப் பால்டியும் பர்மிங்ஹாமில் பேரெடுத்த சரக்குதான்.

வாடிக்கையாளர் சுவரிலுள்ள எவரெஸ்ட் படத்தை ரசிப்பார். மோமோவைப் பற்றித் துருவித் துருவி விசாரிப்பார். பிறகு சிக்கன் டிக்கா மசாலா சொல்வார். 2001இல் வெளியுறவு அமைச்சர் ராபின் குக், பிரிட்டனின் அசல் தேசிய உணவு என்று புகழ்ந்த அதே பண்டம்.

பரிமாறுபவர் முகம் மாறாமல் கேட்பார்: “கூடவே சிப்ஸும் வேண்டுமா, சார்?”