ஜெர்மன் சமையலறையின் நிலையாமை: ஒரு முதற்கட்ட ஆய்வு

நிலையாமையைப் பேசிய நம் முன்னோர் யாக்கை, செல்வம், இளமை என மூன்றைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். சமையலறை விடுபட்டுப் போயிற்று. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அவர்களில் ஒருவரும் ஜெர்மனியில் வாடகைக்கு வீடு தேடியவரல்லர். அந்த இடைவெளியை நிரப்பும் எளிய முயற்சியே இக்கட்டுரை.

ஆய்வுப் பொருளை முதலில் வரையறுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் வாடகைக்கு வரும் வீடுகள் பலவற்றில் சமையலறை என்றொரு அறை இருக்கும். சமைப்பதற்கான எதுவும் அதில் இராது. சுவரிலிருந்து தண்ணீர்க் குழாயின் வாய் எட்டிப் பார்க்கும். கழிவுநீர் போக ஒரு துளை, மின்னடுப்புக்கென ஒரு தடித்த இணைப்பு. அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் தொட்டி, அடுப்பு, மேடை, அலமாரி எல்லாவற்றையும் முன்பு குடியிருந்தவர் கழற்றிக்கொண்டு போயிருப்பார். பெரும்பாலும் விளக்குகளையும் விட்டுவைப்பதில்லை. கூரையிலிருந்து ஒயர்கள் மட்டும் தொங்கும். ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்த நண்பர் ஒருவர், தாம் பார்க்கப்போன வீட்டைக் கைபேசி வழியே பாளையங்கோட்டையிலிருக்கும் அம்மாவுக்குச் சுற்றிக் காட்டினார். அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "ஏலே, களவு போன வீட்டையா வாடகைக்கு விடுதாவ?" எமது கள ஆய்வில் கிடைத்த தரவுகளில் இதுவே தலையாயது.

இந்நிலைக்குக் காரணம் கூறுவதில் இரு தரப்பினர் உளர். வீட்டு ஓனர்களின் கஞ்சத்தனமே காரணம் என்பது முதல் தரப்பு. இதை முற்றிலும் தள்ளிவிட முடியாது: சமையலறையை வீட்டோடு சேர்த்து வாடகைக்கு விட்டால், அடுப்பு பழுதானால் சரிசெய்து தரும் பொறுப்பும் பொதுவாக ஓனரின் தலையில் விழும். அடுப்பே இல்லாதவனுக்கு அடுப்பு பழுதாவதில்லை. ஆயினும் இரண்டாம் தரப்பே வலுவானது. ஜெர்மனியில் பாதிக்கு மேற்பட்டோர் வாடகை வீட்டிலேயே வாழ்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு வழக்கமாக முடிவுத் தேதி கிடையாது. சட்டம் ஏற்கும் காரணமின்றிக் குடியிருப்பவரை ஓனர் எழுப்பிவிட இயலாது. இருபது ஆண்டு இருக்கப்போகிறவர் அடுத்தவர் தேர்ந்தெடுத்த அலமாரியைப் பார்த்துக்கொண்டா காப்பி போடுவார்? தமக்குப் பிடித்ததை மாட்டிக்கொள்கிறார். போகும்போது தம்முடையதை எடுத்துப் போகிறார். ஆக, அங்கே வாடகைக்குக் கிடைப்பது சுவர். வீட்டைக் குடிவருபவர்தான் கொண்டுவர வேண்டும். இரண்டு சூட்கேசோடு விமானத்திலிருந்து இறங்கியவரை இந்த ஏற்பாடு கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

வரலாறு இங்கே நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. சுவரோடு பொருத்திய நவீனச் சமையலறைக்கு மூலவடிவம் என்று போற்றப்படுவது இதே ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட் நகரில்தான் பிறந்தது. 1926இல் மார்கரெட் ஷ்யூட்டே-லிஹோட்ஸ்கி என்ற வியன்னாக் கட்டடக் கலைஞர், நகரின் புதிய குடியிருப்புகளுக்காக அதை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் சுமார் 3.4 மீட்டர். மாவுக்கும் அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள்கூட உண்டு. வாடகை வீடுகளில் ஏறத்தாழ 10,000 சமையலறைகள் அவ்வாறு பொருத்தப்பட்டன. அவற்றில் சில இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அரிசிக்குத் தனி இழுப்பறை வைத்த அந்த அம்மையாருக்குத் தமிழர் சார்பில் ஒரு நன்றி சொல்லிவிட்டு மேலே செல்வோம்.

அடுத்த ஆண்டே, 1927இல், பெர்லினில் ஷூஃபா தோன்றியது. இன்று ஒருவரின் கடன் நாணயத்தை அளந்து சொல்லும் நிறுவனம் அது. அன்றைய வேலை வேறு: மின்கட்டணத்தை ஒழுங்காகக் கட்டியவர் யார் என்று பார்த்து, அவருக்கு மின்சாதனங்களைத் தவணையில் கொடுக்க உதவுவது. அதாவது, சமையலறைக்குச் சாமான் வாங்கப் பிறந்த அமைப்பு, இப்போது சமையலறைச் சாமானே இல்லாத வீட்டுக்குள் உம்மை விடலாமா என்று தீர்ப்பளிக்கிறது.

புதிதாக வந்தவரிடம் ஓனர் ஷூஃபா சான்று கேட்பார். வங்கிக் கணக்கும் முகவரியும் இல்லாதவரைப் பற்றி ஷூஃபாவுக்கு ஒன்றும் தெரியாது. வங்கிகள் பலவும் முகவரிப் பதிவுச் சான்று கேட்கும். பதிவு அலுவலகமோ, 2015 நவம்பர் முதல், வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட உறுதிச்சீட்டைக் கேட்கிறது. உறுதிச்சீட்டுக்கு வீடு வேண்டும். தருக்க நூலார் இதைச் சக்கரகம் என்னும் குற்றமாக வகுத்து விலக்கினர். ஜெர்மனியில் இது நடைமுறை. சக்கரத்தை உடைக்க வழி ஒன்று உண்டு. சில மாதங்களுக்குத் தட்டுமுட்டுச் சாமானோடு கிடைக்கும் தற்காலிக அறையைக் கூடுதல் வாடகைக்குப் பிடிப்பது. ஆனால், "முகவரி பதிந்துகொள்ளலாமா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கூடாது என்றால் அது வெறும் படுக்கை.

பிறகு ஓனரிடம் நீட்ட வேண்டிய கோப்பு. மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பாஸ்போர்ட் நகல், தன்னைப் பற்றித் தானே நிரப்பும் படிவம். இவற்றோடு, முந்தைய ஓனருக்கு வாடகை பாக்கி இல்லை என்று அவரே தரும் சான்று. நண்பர் இதற்காக நங்கநல்லூருக்குப் போன் செய்தார். "பாக்கி இல்லேன்னு எழுதித் தரேன் தம்பி. ஆனா பெயிண்டுக்குப் பிடிச்ச ஒரு மாச வாடகையை அதுல இழுக்காதீங்க" என்றார் பழைய ஓனர். பத்து மாத அட்வான்ஸில் பழகிய நம்மவருக்கு ஒரே ஆறுதல், ஜெர்மனியில் முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. அதையும் மூன்று தவணையில் கட்டலாம்.

அறைக் கணக்கு பற்றிச் சுருக்கமாக. கூடமும் ஓர் அறை என்றே எண்ணப்படும். சமையலறையும் குளியலறையும் எண்ணிக்கையில் சேரா. ஆகவே ‘இரண்டு அறை வீடு’ என்றால் படுக்கையறை ஒன்றுதான். இரண்டரை அறை வீடுகளும் உண்டு. அந்த அரை எங்கே முடிகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

இனி மையச் சிக்கல்: கழற்றப்பட்ட சமையலறை எங்கே போகிறது? ஒரு சுவருக்கு அளவெடுத்துச் செய்த மேடை அடுத்த வீட்டின் சுவருக்குப் பொருந்துவது அரிது. மூலையில் வளைந்து வந்த மேடை, மூலையே இல்லாத அறைக்குள் நிற்கும். எனவே, பெயர்க்க மனமில்லாதவர்கள் அதை அடுத்து வருபவரிடமே விற்கிறார்கள். வீடு பார்க்கப் படிக்கட்டு வரை வரிசை நிற்கும்போது, போகிறவர் உம்மைத் தனியே அழைத்து, "சமையலறையை எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று மென்மையாகக் கேட்பார். பொருளின் மதிப்புக்குச் சற்றும் பொருந்தாத விலை கேட்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வரிசையில் நிற்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை. கதவு தொங்கும் அலமாரியும் மூன்று கண் மட்டும் எரியும் அடுப்பும் உம்முடையவை ஆகின்றன. இவ்வாறு ஒரே சமையலறை, இடம் பெயராமலே, ஆள் விட்டு ஆள் பாய்கிறது. கூடு விட்டுக் கூடு பாய்ந்த சித்தர்கள் இம்முறையை அறிந்திலர்.

இவ்வாய்வு விடை காணாத வினா ஒன்றே. இரவு 10 மணிக்கு மேலும் ஞாயிறு முழுவதும் அண்டை வீட்டாரைக் கலைக்காத அமைதி வேண்டும் என்பது அங்கே பரவலான வீட்டு விதி. ஞாயிற்றுக்கிழமை சாம்பாருக்குப் பருப்பு எத்தனை விசில் வரை போகலாம் என்பதை எந்த ஒப்பந்தமும் தெளிவுபடுத்தவில்லை. நண்பர் இப்போதைக்கு முதல் விசில் கிளம்பும்போதே குக்கரின் மேல் துண்டைப் போட்டு, கீழ்வீட்டுக் கதவு திறக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவருகிறார். தரவு சேர்ந்துகொண்டிருக்கிறது.