தூசுக்கும் கோத்திரம் உண்டு

இங்கிலாந்தில் பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் ஒரு தனி ரகம். வண்டி என்ன பெறும் என்று கேட்டால் மூன்று விலை சொல்வார்: இன்சூரன்ஸுக்கு ஒன்று, வாங்க வருபவருக்கு அதற்கு மேலே ஒன்று, மனைவிக்கு எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று. மூன்றையும் மனதார நம்புவார். விலைக் கையேடுகள் வண்டியின் நிலைக்கேற்பப் பல தரம் பிரித்து விலை போடுகின்றன. இவர் பார்வை, கண்காட்சியில் பரிசு வாங்கும் முதல் தரத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. விவரம் தெரிந்து வாங்க வருபவர் சின்னக் காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வருவார். கதவுக்கு அடியில் ஓடும் தகட்டில் அதை வைத்தால், இரும்பு இருக்கும் இடத்தில் ஒட்டும். துருவை மறைத்துப் பட்டி பார்த்த இடத்தில் பொத்தென்று விழும். அது விழும்போதெல்லாம் நம்மவர் மழை வருமா என்று வானத்தைப் பார்ப்பார்.

'செலவழித்த ரசீதெல்லாம் இருக்கிறதே' என்பார். ரசீது போன பணத்துக்குச் சாட்சி, வரப்போகும் பணத்துக்கு அல்ல. அடுத்து பேச்சைப் பாரிஸ் ஏலத்துக்குக் கொண்டுபோவார். 2015 பிப்ரவரியில், நடிகர் அலென் தெலோனிடம் ஒரு காலத்தில் இருந்த பெராரி 250 கலிபோர்னியா ஸ்பைடர், கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்து கிடந்த கோலத்திலேயே ஏலத்துக்கு வந்து 1.6 கோடி யூரோவைத் தாண்டியது. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து இவர் வண்டியைத் துடைப்பதில்லை. அந்த பெராரி ரகத்தில் செய்ததே சில டஜன்தான், எம்.ஜி.பி.யோ 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கு மேல். அங்கே தூசுக்குக் கோத்திரம் உண்டு. இங்கே இருப்பது வெறும் தூசு.

சந்தைக்கு மட்டும் புத்தி இருக்கிறதா என்று அவர் திருப்பிக் கேட்கலாம், நியாயம்தான். அமெரிக்க விதிகளுக்காக 1974 முதல் கறுப்பு ரப்பர் பம்பர் மாட்டிய எம்.ஜி.பி.க்கு, அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டியை விட மவுசு குறைவு. மூக்கைப் பார்த்து விலை பேசும் உலகம் அது. ஆனாலும் அங்கே விலை என்பது கேட்டது அல்ல, கைமாறியது: அதே ஆண்டு, அதே நிலையிலுள்ள வண்டிகள் அண்மையில் நிஜமாக என்ன தொகைக்குப் போயின என்பதுதான் கணக்கு. அதற்கு விற்க மனமுள்ள ஒருவர் வேண்டும். நம்மவர் வசந்தம்தோறும் விளம்பரம் கொடுப்பார், யாரும் வராத விலையாகப் பார்த்து. தப்பித்தவறி ஒருவர் அந்த விலைக்குச் சரி என்றுவிட்டால் முகம் வெளிறி, 'இரவு யோசித்துச் சொல்கிறேனே' என்பார். காலையில் விலை ஏறியிருக்கும்.