ஓலே மூவர்: இடைக்கால மேனேஜர் குறித்த இலக்கண ஆராய்ச்சி

தனித்து நிற்கும் வலுவின்றிப் பெயரையோ வினையையோ சார்ந்து வருவது இடைச்சொல். ஒரு மேனேஜரைப் பாதி சீசனில் வெளியேற்றிவிட்டு, அடுத்தவர் கிடைக்கும்வரை கிளப் உட்காரவைக்கும் ஆளும் அப்படித்தான். ஆகவே இங்கிலாந்துக் கால்பந்தின் இடைக்கால மேனேஜரை இடையியலில் வைத்து ஆராய்வதே முறை.

இவர் மூவகைப்படுவர். டி மட்டேயோ வகை: 2012 மார்ச்சில் வந்து, மே மாதம் மியூனிக்கில் செல்சிக்குச் சாம்பியன்ஸ் லீக் வாங்கித் தந்து, வேலை நிரந்தரமாகி, நவம்பரில் வீட்டுக்குப் போவது. ரயன் கிக்ஸ் வகை: 2014இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் இடைக்கால மேனேஜராக, ஹல் அணிக்கெதிராகத் தன்னைத்தானே மாற்று ஆட்டக்காரராக இறக்கிக்கொண்டார், எழுவாயும் செயப்படுபொருளும் ஒருவரே. மூன்றாம் வகைதான் விரித்துரைக்கத் தக்கது.

2018 டிசம்பர் 18 அன்று மான்செஸ்டர் யுனைடெட் மொரின்ஹோவை நீக்கியது. மறுநாள் ஓலே குன்னார் சோல்ஷேர் வந்தார். (நார்வேயின் கிறிஸ்டியன்சுண்டில் பிறந்தவரின் பெயர் ‘ஓலை’ என்பதன் திரிபே என்று நிறுவும் கட்டுரை ஏதாவதொரு மாநாட்டில் வந்தே தீரும்.) முதல் ஆட்டத்தில் கார்டிஃப்பை அதன் ஊரிலேயே 5-1 என்று வென்றார். மார்ச் 6 அன்று பாரிஸில், கூடுதல் நிமிடங்களில் ராஷ்ஃபோர்டு அடித்த பெனால்டியால் பிஎஸ்ஜி வெளியேறியது. அன்றிரவு தொலைக்காட்சியில் முன்னாள் யுனைடெட் வீரர் ரியோ ஃபெர்டினாண்ட், ஒப்பந்தத்தை நீட்டுங்கள், தொகையை அவரே எழுதிக்கொள்ளட்டும் என்ற பொருள்பட உரை வகுத்தார்.

ரசிகர் மரபில் இரண்டு உரைகள் உண்டு. இரண்டும் மதுக்கூட வாய்மொழியாக வழங்குபவை. இரண்டாம் கோப்பை உரை: “நல்ல பையன்தான், சீசன் முடியட்டும், பாத்துக்கலாம்.” ஐந்தாம் கோப்பை உரை: “இப்பவே கையெழுத்து வாங்குங்கடா!” இரண்டையும் சொன்னவர் அதே முக்காலியில் அமர்ந்திருந்த அதே ஆள் என்பார் உளர். அது பொருந்தாது. கருத்து முரண்பட்டால் ஆள் இருவர் என்பதே ஆய்வு நெறி. ‘வாங்குங்கடா’ என்பதற்கு ‘வாங்காதீங்கடா’ என்ற பாடபேதமும் உண்டு. அது 2019 மே மாதத்துக்குப் பிந்தைய இடைச்செருகல். அதைத்தான் தாங்கள் முதலிலேயே சொன்னதாக ரசிகர்கள் சத்தியம் செய்வார்கள்.

ஏனெனில் இரண்டு ஆட்டங்கள் அடுத்தடுத்துத் தோற்ற பிறகு, மார்ச் 28 அன்றுதான் வேலை நிரந்தரமானது. தற்காலிகராக 19 ஆட்டங்களில் 14 வெற்றி பெற்றவர், நிரந்தரரானபின் அந்த சீசனில் எஞ்சிய 10 ஆட்டங்களில் 2ஐ மட்டுமே வென்றார். கடைசி ஆட்டம் மீண்டும் கார்டிஃப்புடன், இம்முறை ஓல்ட் டிராஃபோர்டில். லீக்கிலிருந்து ஏற்கெனவே கீழிறங்கிவிட்ட அணியிடம் 0-2.

இங்குதான் ஔவையார் எத்தனை பேர் என்று தீர்த்துவைத்த முறை கைகொடுக்கிறது. 1999இல் பார்சிலோனாவில் பேயர்ன் மியூனிக்குக்கு எதிராகக் கடைசி நொடிகளில் கால் நீட்டிக் கோப்பை வென்றவர் முதலாம் ஓலே. பாரிஸில் வென்றவர் இரண்டாம் ஓலே. 2021 நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4-1 என்று தோற்று மறுநாள் வேலையிழந்தவர் மூன்றாம் ஓலே. முன்னிருவரை ரசிகர்கள் இன்றும் பாடுகிறார்கள்; மூன்றாமவரை அறியார். ஒரே ஆளுக்கு நல்ல காலமும் கெட்ட காலமும் வரலாமே என்று சொல்லிவிடலாம்தான். அதற்கு முனைவர் பட்டம் தரமாட்டார்கள்.

இனிப் புறனடை. 2023 மார்ச்சில் டாட்டன்ஹாம், கோன்டேவுக்குப் பதிலாக ஸ்டெல்லினியைத் தற்காலிகமாக அமர்த்தியது. நியூகாசிலில் 21 நிமிடங்களுக்குள் 5 கோல் வாங்கியது அணி; மறுநாள் அவரும் நீக்கம். தற்காலிகருக்குத் தற்காலிகராக வந்தவர் ரயன் மேசன். 2021இல் இதே டாட்டன்ஹாமிலிருந்து மொரின்ஹோ நீக்கப்பட்டபோதும், 29 வயதில், வந்தவர் இவரே. ஒருவரே இருமுறை அடுக்கி வருதலின் இது அடுக்குத்தொடர் என்க.