பூட்டான் வண்டியின் பூர்வீகம்

பெண் பார்க்கப் போனால் கோத்திரம் முதல் சித்தப்பா மகனின் சம்பளம் வரை துருவுகிற மனிதர், பழைய லேண்ட் குரூசர் பார்க்கப் போனால் மட்டும் ஊமையாகிவிடுகிறார். டயருக்குக் காலால் ஓர் உதை, கதவைப் படாரென்று ஒரு சாத்து. பரிசோதனை முடிந்தது. "ஆர்மி வண்டி சார், ஏலத்துல எடுத்தது" என்று புரோக்கர் சொன்னதும் நெஞ்சு விம்ம அட்வான்ஸ் கைமாறுகிறது.

எந்த நாட்டு ஆர்மி என்று கேட்டிருக்கலாம்.

2025 செப்டம்பரில் கேரளத்தில் சுமார் 30 இடங்களில் சுங்கத்துறை ஒரே நாளில் நுழைந்தது. மலையாளத் திரை நட்சத்திரங்களின் வீடுகளும் தப்பவில்லை. 'ஆபரேஷன் நும்கோர்' என்று பெயர். பூட்டானின் சோங்கா மொழியில் நும்கோர் என்றால் வண்டி. பெயர் வைத்த அதிகாரி ரசிகர்தான். முதல் நாளே 36 வண்டிகள் சிக்கின. சுங்கத்துறை சொன்ன கதை இது: பூட்டான் ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிகள் சுற்றுலாப் பயணி வேஷத்திலும், கன்டெய்னருக்குள்ளும், கை கால் கழற்றிய உதிரிபாகங்களாகவும் எல்லை தாண்டின. இந்திய ராணுவம், தூதரகங்கள் பெயரில் போலிப் பத்திரங்கள் தயாராயின. இமாச்சலப் பிரதேசத்தில் பதிவு நடந்தது. மலையில் பிறந்த வண்டிக்கு மலையிலேயே ஜாதகம்! இதன் பின்னணியில் கோவைக் கும்பல் ஒன்று இருந்ததாகவும் சொன்னார்கள்.

பழைய காரை இறக்குமதி செய்ய அதன் வயது 3 ஆண்டைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. மீசை நரைத்த ஜீப் நேர்வழியில் வந்திருக்க முடியாது என்று அங்கேயே தெரிந்துவிடும். 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, பறிமுதல் என்று வரும்போது, வண்டி வந்த வழியைத்தான் பார்க்கும். ஓட்டுகிறவர் வெள்ளிக்கிழமை விரதம் இருப்பவரா என்று பார்க்காது. 125ஆம் பிரிவின்படி அபராதம் கட்டி மீட்கலாம். ஆனால் தடை செய்யப்பட்ட சரக்கென்றால் அதுவும் அதிகாரி மனசு வைத்தால்தான்.

ஆறுதலும் உண்டு. 2002இல் இறக்குமதியான ஒரு போர்ஷே கரேரா கைமாறிக் கைமாறி வேறொருவரிடம் வந்தது. தீர்வையை இறக்குமதி செய்தவரிடம் கேளுங்கள், பின்னால் வாங்கியவரிடம் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆண்டு 2024. போர்ஷேவே ஆனாலும் கோர்ட்டுப் பாதையில் அவ்வளவுதான் வேகம்.

இப்போதெல்லாம் நம்மவர் டயரை உதைப்பதில்லை. டார்ச்சோடு போய் பானெட்டைத் திறக்கச் சொல்லி, சேஸிஸ் நம்பரைத் தேடுகிறார்.

"அதா சார்? பெயின்ட்டுக்கு அடியில இருக்கும்."